விளக்கைச் சுற்றும் வட்டங்கள்

புந்தா அரேனாஸில் காற்றுக்கு
வாரம் ஆறு நாள் வேலை.
ஏழாம் நாள் ஓவர்டைம்.
தெருமுனையில் மனிதர்கள் பிடித்து நடக்கக்
கயிறு கட்டியிருக்கிறார்கள்.
கார்களுக்குக் கயிறு இல்லை.

எலியேசர் ஓட்டி வந்தது
பதினோரு வருடக் கறுப்புப் பங்கு டாக்சி.
கூரைப் பலகையைக் கழற்றியிருந்தார்.
அது இருந்த இடத்தில்
ஒரு செவ்வகம் மட்டும் கன்னங்கரேலென்று
முதல் நாள் போலவே.
அதைத் தொட்டு,
"மற்ற இடமெல்லாம் இப்படி வரணும் யாஸ்னா,
சனிக்கிழமை விற்கிறேன்" என்றார்.

வெயில் பட்ட பானெட்டில் மெல்லிய வலை,
வட்டத்துக்குள் வட்டம்.
"மருமகன் வேலை.
கழுவச் சொன்னால்
கடிகார முள் மாதிரி சுற்றுவான்."

நான் பதில் சொல்லாமல் ஷட்டரை இறக்கினேன்.
கை விளக்கை ஏற்றி இடப்பக்கம் காட்டினேன்:
வட்டங்கள் விளக்கைச் சுற்றி நின்றன.
வலப்பக்கம் நகர்த்தினேன்,
வட்டங்களும் கூடவே வந்தன.
"பார்த்தீர்களா,
வட்டம் என்று எதுவும் இல்லை.
எல்லாத் திசையிலும் கிடக்கும் நேர்க் கீறல்கள்.
தன்னைச் சுற்றி வளைந்த மாதிரி கிடப்பதை மட்டும்
வெளிச்சம் பொறுக்கிக்கொள்கிறது."
அவர் விளக்கை வாங்கித்
தானே நகர்த்திப் பார்த்தார்,
நான்கு தடவை.
மருமகன் பெயரை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

தடிமன் பார்க்கும் கருவியை வைத்தேன்.
கதவு நூற்றுப் பதினெட்டு.
பின்கதவு நூற்று இருபத்தொன்று.
கூரை நூற்றுப் பதினாறு.
பானெட்
எழுபத்தொன்று.

"யார் தின்றது இதை?"

டயரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:
"நாலு வருஷம் முன்னே ஒருமுறை
விற்கலாமென்று நினைத்தேன்."

அலமாரியில் மூன்று புட்டிகள்.
முதலாவது கரகரப்பு; விரலில் தேய்த்தால் மணல்.
கீறலை எடுக்கும்,
கீறல் இல்லாததையும் எடுக்கும்.
எழுபத்தொன்றில் அதைத் திறக்க
எனக்குத் தைரியம் கிடையாது.
மூன்றாவதில் துகளே இல்லை,
எண்ணெயும் மெழுகும்தான்.
கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.
கார் நள்ளிரவு மாதிரி இருக்கும்,
மூன்று கழுவல் வரைக்கும்.
விற்பவர்கள் இதைத்தான் பெயர் சொல்லிக் கேட்பார்கள்.

எலியேசரும் கேட்டார்.
"சனிக்கிழமை தாங்குமா?"
"தாங்கும். திங்கள்கிழமை மழையையும் தாங்கும்.
வாங்குவது யார்?"
கழுத்தைச் சொறிந்தார்.
"மரிட்சா ஓயார்சோ.
இதே தடத்தில் ஓட்டப்போகிறாள்.
என் ஸ்டாப்பில்தான்
தினமும் நிற்பாள்."

வேறு யாரும் பேசவில்லை.
தகரக் கூரை மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

நடுப் புட்டியை எடுத்தேன்.
பால் நிறம். இதன் துகள்
தேய்க்கத் தேய்க்க உடைந்து,
கடைசியில் தான் இருந்ததே தெரியாமல் போகும்.
ஒரு சாண் அகலத்துக்கு டேப் ஒட்டி,
மிருதுவான நுரைத் தட்டில்
கடலை அளவு நாலு சொட்டு,
குறைந்த வேகம்,
இயந்திரத்தின் எடையே அழுத்தம் என்று
நான்கு நடை போய் வந்தேன்.
பிறகு ஸ்பிரிட்டால் துடைத்தேன்.
எண்ணெய் மிச்சமிருந்தால் பொய் சொல்லும்.

டேப்புக்கு உள்ளே வலை இல்லை.
ஐந்தாறு தடித்த கீறல்கள் மட்டும்
அப்படியே கிடந்தன.
"இவை?"
"இவை இருக்கும்.
தோண்டினால் கீறல் போகும்,
கூடவே கறுப்பும் போகும்."

வெகுநேரம் குனிந்து நின்றார்.
கறுப்பில் அவர் மூக்கு தெரிந்தது,
மூக்கின் மேல் ஒரு கீறலும்.
"சரி, இதையே முழுக்கப் போடு.
அந்த எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடு,
எழுபத்தொன்று.
அவளிடம் காட்டணும்."

கிளம்பும்போது டிக்கியிலிருந்த
சமையலறை ஸ்பான்ஜை வாங்கி வைத்துக்கொண்டேன்.
ஒரு பக்கம் பச்சை, பாத்திரம் தேய்க்கிற பக்கம்.
பதினோரு வருடமும் அதுதானாம்.

ஜன்னல் சட்டத்தில் காற்று நுழைகிற இடுக்குக்கு
அது சரியான அளவு.